கையெழுத்துக்கு மேலே நாலு வரி

சாக்ரெப்,
9 பிப்ரவரி 2009

அன்புள்ள தின்கோவுக்கு,

நெவென்கா எழுதுகிறேன். ஞாபகம் இருக்குமோ என்னவோ. பதினான்கு வயதில் நீ நாடு முழுக்கப் பாடித் திரிந்தபோது, இசைத்தட்டுக் கம்பெனியில் உன் ரசிகர் கடிதங்களைப் பார்த்துக்கொண்ட டைப்பிஸ்ட் நான்தான். இப்போது உனக்கு முப்பத்தேழு ஆகியிருக்கும். மரியாதையாக "நீங்கள்" போடத்தான் நினைத்தேன், கை வர மாட்டேன் என்கிறது.

இப்போது ஒரு நாடக அரங்கில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை எனக்கு. போன வியாழன் உள்ளே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே எங்கள் ரேடியோவில் உன் குரல். கூட வேலை பார்க்கும் ஆன்கிட்சா, "அந்த நெத்தி முடிப் பையன்தானே இவன்? இன்னும் இருக்கானா?" என்றாள். "வாய மூடிக்கிட்டுக் கேளுடி" என்றேன். பாட்டில், ஜன்னலைத் திறக்கச் சொல்லும் அந்த நாலு வரி வந்தது. நாடகம் விட்டதும் கோட்டுகளை எண் மாற்றிக் கொடுத்து ஒரு பல் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வரிகள் உனக்கு எங்கே கிடைத்தன என்று மட்டும் எழுது. உன் குரல் தடித்துவிட்டது; எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மறுபடி பாட வந்தாயே, அதற்கு நன்றி.

அன்புடன்,
நெவென்கா


ஸ்ப்ளிட்,
16 பிப்ரவரி 2009

அன்புள்ள நெவென்கா அக்கா,

உங்களை எப்படி மறப்பேன்? மேனேஜர் ப்ரூனோ என்னைப் பட்டினி போட்டு ஒத்திகை பார்க்க வைத்த நாட்களில், மேஜைக்கு அடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நீட்டிய கை உங்களுடையது. இருபத்து மூன்று வருஷமாக ஒரு வரி போடவில்லையே என்று கோபம் உண்டு. ஆனாலும் கவரைக் கண்டதும் அம்மாவிடம் ஓடிப் போய்க் காட்டினேன்.

அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்கள். குரல் உடைந்ததும் ப்ரூனோ என் இடத்தில் வேறு பையனை நிறுத்திவிட்டார், அது உங்களுக்குத் தெரியும். பிறகு பெயிண்ட் கடையில் வேலை, நிறையக் குடி. இரண்டு வருஷத்துக்கு முன் ஓசியெக்கிலிருந்து வெஸ்னா என்ற பெண்மணி ஒரு பழைய கடிதத்தை அனுப்பியிருந்தார். அப்பா செத்த துக்கத்தில், பதினாறு வயதில், ஒரு மாதம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவராம். அப்போது எனக்கு எழுதியிருக்கிறார், நான் பதில் போட்டிருக்கிறேன். "இது என்னைக் காப்பாற்றியது, இப்போது உங்களுக்குத் தேவைப்படும்" என்று துண்டுச் சீட்டு வைத்திருந்தார்.

"உலகத்தையெல்லாம் சமாளிக்க வேண்டாம். எழுந்து ஜன்னலை மட்டும் திற. இன்றைக்கு அது போதும். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்." கீழே என் கையெழுத்து, அசல் கையெழுத்து. கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த வருஷங்களில் பாட்டு யாரோ எழுதியது, சட்டை யாரோ எடுத்தது, முடி ப்ரூனோ வெட்டச் சொன்னது. என்னுடையது என்று இந்த நாலு வரியாவது இருந்திருக்கிறதே. அன்றிலிருந்து குடிப்பதில்லை. ஆல்பம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது ஒரு பத்திரிகைக்காரர், "பதினாலு வயசுப் பொடியன் இத எழுதினானாம், நம்புங்கப்பா" என்று கிண்டல் செய்கிறார். நான் சொல்லச் சொல்ல நீங்கள்தானே டைப் அடித்திருப்பீர்கள்? மார்ச் 14 இங்கே வெளியீட்டு விழா, டெலிவிஷனும் வருகிறது. மேடையேறி அதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா. டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

உங்கள்
தின்கோ


சாக்ரெப்,
22 பிப்ரவரி 2009

அன்புள்ள தின்கோ,

நாலு நாளாக உன் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வாழ்த்தோடு நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன், இனி மறைத்தால் தப்பு.

சனிக்கிழமைகள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ப்ரூனோ முந்நூறு வெற்றுத் தாள்களை உன் முன் வைப்பார். "அடியில போடுடா, மேல என்ன வரணும்னு நாங்க பாத்துக்கறோம்" என்பார். நீ பாதித் தூக்கத்தில் போட்டுக்கொண்டே போவாய். பிறகு வாரம் முழுக்க, கையெழுத்துக்கு மேலே இருக்கும் இடத்தில் நான் பதில்களை அடிப்பேன். தூக்கத்தில் உன் கை வழுக்கி, சில தாள்களில் கையெழுத்து நட்டநடுவில் விழுந்திருக்கும். அவற்றில் சின்னப் பதில்தான் கொள்ளும். வெஸ்னாவின் தாள் அப்படி ஒன்று. அதனால்தான் நாலே வரி. நீ சொல்லி நான் அடிக்கவில்லை தின்கோ.

அந்த வாரம் என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த குழந்தை போய்விட்டது. ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் கட்டிலில் கிடந்தபடி எனக்கு நானே சொல்லிக்கொண்டதைத்தான் அந்தப் பெண்ணுக்கும் அடித்தேன். வேறெதுவும் தெரியவில்லை எனக்கு.

இது உன்னை எங்கே அடிக்கும் என்று தெரியும். வரிகளை நீயே வைத்துக்கொள், எனக்குப் பேரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். மேடையேறிப் பொய் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடாதே. டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். என்னை மன்னித்துவிடு.

நெவென்கா


ஸ்ப்ளிட்,
20 மார்ச் 2009

அன்புள்ள அக்கா,

பதில் போடாததற்குக் காரணம் கோபம், வேறில்லை. கடிதத்தைக் கிழிக்க இரண்டு முறை எடுத்தேன். எனக்கென்று இருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டீர்கள் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். தலையைக் கூடத் தூக்காமல், "உனக்கு ரொட்டி குடுத்தவதானே? அவ எழுதினா உனக்கென்னடா கொறஞ்சு போச்சு?" என்றாள். 

விழாவில் அந்தப் பாட்டுக்கு முன் சொல்லிவிட்டேன். "இந்த வரிய நான் எழுதல. நெவென்கான்னு ஒரு அக்கா எழுதினாங்க. தூக்கக் கலக்கத்துல கையெழுத்து மட்டும் நான் போட்டேன்."  பின்வரிசையிலிருந்து ஒருத்தன், எங்கள் ஊர்க்காரன் வேறெப்படி இருப்பான், "அப்ப உனக்கு எதுக்குடா கை தட்டணும்?" என்று கத்தினான். "பாடினப்புறம் சொல்றேன்" என்றேன். பாடினேன். தட்டினார்கள், அவனும் தட்டினான். குழந்தை போன அந்த வாரத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அது உங்களுடையது.

மறுநாள் அந்தப் பத்திரிகைக்காரர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். ரேடியோவிலும் பாட்டைக் காணோம். கடையில் என் வேலையை இன்னும் விடவில்லை, நல்லதாகப் போயிற்று. அடுத்து அச்சடிக்கும் ஆல்பம் உறைகளில் வரிகளுக்கு உங்கள் பெயர்தான். வேண்டாம் என்று எழுதாதீர்கள், அதில் நான் கேட்கப் போவதில்லை. தனியாகத்தான் வளர்ந்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நான் தூங்கிய நேரமெல்லாம் என் பேரில் நல்லது செய்துகொண்டு ஒருவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறீர்கள். நன்றி அக்கா. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெஸ்னா முதல் வரிசையில் இருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து என் முன் நின்று, "அப்ப இத்தன வருஷமா நான் யாருக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன்?" என்று கேட்டார்.  கிளம்பும்போது உங்கள் விலாசம் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

29ஆம் தேதி ஞாயிறு, காலை ரயிலில் சாக்ரெப் வருகிறார். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டால், சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். எழுதியது நீங்களா என்று கேட்டால் மட்டும், ஆமாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
தின்கோ