முதுகில் எழுதிய எழுத்துகள்

இன்று காலை சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். ஆவணியில் பேத்திக்குக் காது குத்து. தாத்தா பழைய சட்டையோடு வந்து நிற்கக் கூடாதாம், உன் மகளின் உத்தரவு. டெய்லர் தோள்பட்டையில் டேப்பை வைத்து, நடுமுதுகில் ஒரு விரலை ஊன்றி, மெல்லக் கீழே இழுத்தார். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, கூசுதா? நேரா நில்லுங்க" என்றார்.

நான் நேராகத்தான் நின்றேன். ஆனால் அவர் இழுத்த கோடு எந்த இங்கிலீஷ் எழுத்தின் முதல் கால் என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. 'பி'யாக இருக்குமோ, 'கே'யாக இருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த கோட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். வெளியே ஆடிக்காற்று தெருவையே தூக்கிக்கொண்டு போவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில் நீ என்னைப் பார்த்துப் பயந்தாய். இளையரசனேந்தலில் பிறந்து, கோவில்பட்டிக் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்த பெண். நானோ பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டு அப்பாவின் விசைத்தறிக் கொட்டகைக்குள் போனவன். துண்டும் சேலையுமாக நெய்து கொட்டும் அந்தத் தறிகளின் சத்தத்தில் என் காது பாதி மந்தமாகிவிட்டிருந்தது. மந்தக் காதுக்காரன் சத்தமாகத்தானே பேசுவான். காப்பி கேட்டால்கூட உனக்கு அது அதட்டலாகக் கேட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கி என் முன்னால் வந்து நின்றாய்.

"எம்மேல கோவமா இருக்கியளா?"

"இல்லியே. ஏன் கேக்க?" என்றேன். அதையும் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. நீ உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கரிவலம்வந்தநல்லூரில் உன் சித்தி வீட்டு விருந்துக்குப் புறப்பட்டோம். வண்டியில் நீ ஏதோ சொன்னாய், காற்றில் எனக்கு ஒன்றும் விழவில்லை. மறுபடியும் சொன்னாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று நினைத்துத் தோளைக் குலுக்கினேன். மறுபடியும் ஊர்ந்தது, நிதானமாக, மேலிருந்து கீழாக, பிறகு வளைந்து. வண்டி ஆடிப் போய் ஓரங்கட்டி நின்றது.

"என்னட்டி, முதுகுல என்ன?"

நீ முதல்முறையாக என் முகத்துக்கு நேராகச் சிரித்தாய். "முன்னால போன லாரி நம்பர்ல பி, கே-ன்னு போட்டிருந்துச்சு. அதத்தான் எழுதுனேன். அந்த ரெண்டு எழுத்தும் அதே வரிசைல வர்ற இங்கிலீஷ் வார்த்த ஒண்ணு சொல்லுங்க. நடுவுல வேற எழுத்து வரலாம். காலேஜ் பஸ்ல நாங்க இதத்தான் வெளையாடிட்டுப் போவோம்."

நான் யோசித்தேன். வண்டியைப் பார்த்தேன். "பைக்" என்றேன்.

"அது நாலே எழுத்து. நீளமா சொல்றவங்கதான் ஜெயிப்பாங்க."

"பக்கெட்."

"பிரேக்ஃபாஸ்ட்" என்றாய் நீ. அதற்குமேல் எனக்கு வேறு எந்த வார்த்தையும் கிடைக்கவில்லை. சித்தி வீட்டு வாசலில் போய் இறங்கும்போதுதான் 'பிளாங்கெட்' ஞாபகம் வந்து, அது நீளம் குறைவு என்றுகூடப் பாராமல் கூவிச் சொன்னேன். சித்தி பதறிப்போய், "மாப்ளைக்குக் குளிருதா?" என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் முந்தானையே நனைந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு என் சத்தம் உன்னைப் பயமுறுத்தவில்லை.

அப்படித்தான் நாம் பேசப் பழகினோம். வீட்டில் பேசியதைவிட வண்டியில் பேசியது அதிகம். கரிசல் காடு இருபக்கமும் விரிந்து கிடக்க, வெயில் தார்ச்சாலையில் தண்ணீர்போல் நெளிய, நான் பாதி விழிப்பும் பாதி கனவுமாக வண்டியோட்டிக்கொண்டிருப்பேன். உன் விரல் இரண்டு எழுத்துகளை எழுதிவிட்டு ஓயும். எழுத்து முதுகுத் தோலில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், ஈரத் துணியில் மடிப்பு தங்குவதுபோல. அது கரைவதற்குள் நான் வார்த்தையைப் பிடிக்க வேண்டும். எஸ், என் என்று நீ எழுதிய நாளில், "சங்கரன்கோவில்" என்று கூவினேன்.

"ஊர்ப் பேரெல்லாம் செல்லாது. அதுவும் நம்ம ஊர்ப் பேரு செல்லவே செல்லாது."

"ஸ்டேஷன்."

"ம். செல்லும்."

"சீசன். குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சாம், போவமா?"

"வார்த்தையச் சாக்கு வச்சுக் கூப்பிடுதியளே" என்றாய். ஆனாலும் அப்போதே வண்டியைத் திருப்பினோம். சாரலில் நனைந்து திரும்பியபோது நீ எழுதியதெல்லாம் சட்டையோடு ஒட்டிக் குழம்பி, எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. புரியாததும் நன்றாகத்தான் இருந்தது.

மகள் பிறந்து நடுவில் உட்காரத் தொடங்கியதும் உன் விரல் எனக்கு எட்டாமல் போனது. நீ அவள் முதுகில் எழுத, அவள் என் முதுகில் எழுதுவாள். சி புறப்பட்டு ஓ-வாக வந்து சேரும். அந்தத் தப்பு எழுத்துக்கும் நான் வார்த்தை கண்டுபிடித்துச் சொல்வேன். பின்னால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வீர்கள்.

அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்துச் சென்னையில் படிக்க வேண்டும் என்றபோதுதான் நமக்குள் பெரிய மௌனம் விழுந்தது. நான் முடியாது என்றுவிட்டேன். இங்கேயே பக்கத்தில் கல்லூரி இல்லையா என்றேன். உண்மையில் வீடு காலியாகிவிடும் என்ற பயம். நீ வாதாடவில்லை. சோறு போட்டாய், தண்ணீர் வைத்தாய், பேசவில்லை. தறிச்சத்தத்தையே தாங்கிய எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் உன் அப்பாவைப் பார்த்துவிட்டு இளையரசனேந்தலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாலை வெறிச்சென்று கிடந்தது, முன்னால் எந்த வண்டியும் இல்லை. உன் விரல் என் முதுகில் எழுதியது: ஜி, ஓ.

அது எந்த வண்டியின் நம்பரும் இல்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. ஊர் நெருங்கி, தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் சொன்னேன்.

"போகட்டும்."

"இங்கிலீஷ்ல சொல்லணும்."

"கோ."

"ரெண்டே எழுத்துதான?"

"என்னால அவ்வளவுதான் முடியும்ட்டி."

நீ நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டாய். சட்டை நனைவது தெரிந்தது. மகள் அந்த ஆனியில் சென்னைக்கு ரயிலேறினாள். படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் முடித்தோம். அன்றைக்கு நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் பிடித்த பிடியை விட்டிருக்க மாட்டேன்.

அதனால்தான், கடைசியில் நீ எழுதியது என்னை அந்தப் பாடு படுத்தியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுக்குள் நீர் கோர்த்து, வாயில் குழாய் வைத்திருந்தார்கள். பேச முடியாது. உள்ளே விட்டபோது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ என் கையைத் திருப்பி, உள்ளங்கையில் எழுதினாய். முதலில் டபிள்யூ, கோணல்மாணலாக. கொஞ்சம் ஓய்ந்து, ஆர். எழுதி முடித்து என்னையே பார்த்தாய்.

"வாட்டர்" என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "தண்ணி கேக்காங்க போல. இப்பம் குடுக்கக் கூடாதுங்கய்யா. டாக்டர் வரட்டும்." பஞ்சை நனைத்து உன் உதட்டை ஒற்றிவிட்டு, நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினார். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாக என்னால் குடிக்க முடியவில்லை. நீ தாகத்தோடு போய்விட்டாய் என்றே நினைத்தேன். மகள் கவனித்துவிட்டாள். என்னவென்று கேட்டுக் கேட்டு என் வாயிலிருந்து விஷயத்தை வரவழைத்தாள். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, தண்ணி வேணும்னா அம்மாவுக்குக் கட்டைவெரல வாய்க்குக் காட்டத் தெரியாதா? எல்லாருக்கும் புரியும்லா. அத விட்டுட்டு இங்கிலீஷ்ல, அதுவும் ரெண்டே எழுத்து எழுதுவாளா? எழுதிட்டு மூஞ்சிய எப்படி வச்சிருந்தா, அதச் சொல்லுங்க."

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். குழாயையும் பிளாஸ்டரையும் நீக்கிவிட்டு உன் முகத்தை மட்டும் பார்த்தேன். புருவம் இரண்டும் உயர்ந்திருந்தன. கன்னம் ஒருபக்கம் சுருங்கியிருந்தது. தாகத்தில் தவிக்கிறவளின் முகம் இல்லை அது. என்னை மடக்கிவிட்டாய் என்று நினைக்கும்போது நீ வைத்துக்கொள்ளும் முகம்.

"வெளையாடியிருக்கா" என்றேன்.

"ஆமா. நீங்க வெளிய தனியா உக்காந்து எதையாவது நெனச்சு ஒடஞ்சுருவீங்கன்னு, யோசிக்கதுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்கா" என்றாள் உன் மகள். அவளுக்கு உன் மூளை. அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். ஃபிளவர் என்று ஒருநாள் கிடைத்தது, மல்லிகைப் பூ மூட்டைகள் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தபோது. டவர், ஷவர், வொர்ரி, வேர்ல்ட். மத்தியானத்தில் கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றால் கொட்டகையில் ஒரு நிசப்தம் வரும், பஞ்சுத் தூசி வெயில் கோட்டில் மிதக்கும். அந்த மாதிரி ஒரு நேரத்தில், கண் செருகி வரும்போது, நான் உட்கார்ந்திருந்த இடமே வார்த்தையாக வந்தது: பவர்லூம். நடுவில் டபிள்யூ, ஒரு எழுத்து தள்ளி ஆர். இத்தனை வருஷமாக அதற்குள்ளேயே இருந்திருக்கிறேன். எழுந்து யாரிடமாவது சொல்லலாமா என்று பார்த்தேன். தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, "என்ன, தானா சிரிக்கிய?" என்றார். சொல்லவில்லை.

மகளிடமும் எது விடை என்று இன்னும் சொல்லவில்லை. போனில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். "பெரிய வார்த்தையாக் கெடச்சிருச்சாப்பா? அதையே சொல்லி முடிச்சிருங்களேன்" என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் விடையைச் சொல்லிவிட்டால், அடுத்து எழுத வேண்டியது நீ. இப்போதைக்கு என் முறைதான் நடந்துகொண்டிருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே.