கப்பல்காரன் தமிழில் பேசினான்

பாப்பா அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

நானும் பாப்பாவும் சுகம். ஆம்பூர்ல வெயில் மண்டையைப் பிளக்குது.

புதன்கிழமை தவறாம பார்ப்போமே, அந்தக் கப்பல்காரன் இங்கிலீஷ் தொடர், அதை இப்போ தமிழ்ல பேச வெச்சு முதல்லேர்ந்து போடுறாங்க. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து எனக்கு அர்த்தம் சொன்னீங்களே, அதுல ஒண்ணுகூட இதுல இல்லை!

மாமியார்க்காரி தட்டை வீசினது குழம்புல உப்பு ஜாஸ்தின்னுதானே சொன்னீங்க? இல்லியாம். மருமக வீட்டை வித்துட்டாளாம். கப்பல்காரன் பெண்டாட்டி கடற்கரையில அழுதது சந்தோஷத்துலன்னு சொன்னீங்க. பாவி மனுஷா, புருஷன் இனிமே வரமாட்டான்னு சேதி வந்து அழுறா. அவ சந்தோஷத்துக்கு நான் அன்னிக்கு கேசரி வேற கிண்டினேன்.

கோவமெல்லாம் இல்லை. உங்க கதைதான் நல்லா இருந்தது. பாப்பாவுக்கும் அதையேதான் சொல்றேன்.

ஆனா அதுக்கப்புறம் உங்க லெட்டரையெல்லாம் எடுத்து மறுபடி படிச்சேன். எத்தியோப்பியா தோல் கம்பெனியில வேலை கம்மி, சாப்பாடு அருமை, கையில ஆசிட் பட்டது எறும்பு கடிச்ச மாதிரின்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் இன்னாத்துக்கு கடைசி மூணு லெட்டரும் வேற யாரோ கையெழுத்துல இருக்கு?

நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லுங்க, உங்களுக்காக எழுதற அந்தப் புண்ணியவான்கிட்ட. கதையெல்லாம் இங்க வந்து, என் பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.

உங்க
பாப்பா அம்மா