சிவப்புப் போர்வை எங்கே போனது

அன்பு மகளே,

யாரோ ரசிகர்கள் போட்டதென்று நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். நம் பேய்ப்படத்தில் நாற்காலியில் கிடந்த சிவப்புப் போர்வை அடுத்த ஷாட்டில் இல்லையாம். அதில் நடித்த ஆறு வயதுக் குழந்தைக்கு, அதாவது உனக்கு, படப்பிடிப்பில் ஏதோ கொடுமை நடந்ததாம். போர்வையை மறைத்து இயக்குநர் அதைத்தான் ஜாடையாகச் சொல்கிறாராம். த்தூ! என்ன புத்தி இது?

ஆனால் நீயே, "எனக்கு என்னப்பா பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டாய்.

ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் இடம் மாறாமல் குறித்துவைப்பது என் வேலை. அன்று உனக்குக் காய்ச்சல். மேக்கப் அறையில் நடுங்கிக்கொண்டிருந்தாய். போர்வையை எடுத்து வந்து போர்த்தினேன். தூங்கிவிட்டாய், உருவ மனம் வரவில்லை.

"எல்லாம் அப்படியே இருக்கில்ல?" என்றார் இயக்குநர், அடுத்த ஷாட்டுக்கு முன்.

"இருக்கு சார்."

வேலை போய்விடுமே என்ற பயம். நோட்டிலும் பொய்யே எழுதினேன். நாற்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. அந்த வீடியோ போட்டவர்களைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு.

அந்த நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். எல்லோருக்கும் காட்டு. 'போர்வை: நாற்காலியில்' என்ற வரியை இன்று அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

'போர்வை: மகள்மேல்.'

உன்
பயந்தாங்கொள்ளி அப்பா