ஊற்றுத் தண்ணீரும் உப்புத் தொட்டியும்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. எதிர்ச் சரிவில் தேயிலையே தெரியவில்லை. துணி காயாது, துவைக்கவில்லை.

கடல் மீன் தொட்டியில் பச்சை இன்னும் கூடியிருக்கிறது. கல்லுக்கெல்லாம் முடி முளைத்த மாதிரி பாசி. பழைய டூத் பிரஷால் தேய்த்துவிட்டால் மறுநாளே வளர்ந்து நிற்கிறது. பூ மாதிரி விரிய வேண்டிய பொத்தான் பவளங்கள் மூடியபடியே கிடக்கின்றன. ஓரத்தில் சில கரைந்தே போயின. கோமாளி மீன் ஜோடிக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. அதில் பெரியவளுக்கு என் முகம் தெரியும். இரை கேட்டுக் கண்ணாடிக்கே வந்து நிற்கிறாள்.

அவர் இங்கிருந்தவரை நான் தொட்டிப் பக்கம் போனதில்லை. "கைய மட்டும் உள்ள உட்றாத, சுமதி" என்பார், ஏதோ நான் துணி அலசப் போகிற மாதிரி. ஜூனில் பூனாவுக்கு மாற்றல் ஆனது. மகள் கோவையில் ஹாஸ்டல். இப்போது வீட்டில் அசைகிற உயிர் நானும் இதுகளும்தான்.

வாங்க: டார்ச் செல், கம்பளி நூல், உளுந்து.

அக். 8, புதன்

மழை. டீ ஃபேக்டரி ஆபீஸில் கரண்ட் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவர் போனில் சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. விளக்கு நேரம் குறைத்தேன். இரை பாதி. தண்ணீரும் நிறைய மாற்றினேன். உப்புக் கரைத்து, ஹீட்டரில் சூடேற்றி, முதுகு கழன்றுவிட்டது.

அவர் கேன் தண்ணீர் வாங்கித்தான் ஊற்றுவார். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா? எனக்கு மனசு வரவில்லை. போன மாதத்திலிருந்து சரிவுக்குக் கீழே உள்ள ஊற்றுத் தண்ணீர்தான். கீழே இருந்து வருகிற சொந்தக்காரர்கள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போகிற தண்ணீர். மீனும் நல்லதாகக் குடிக்கட்டுமே.

அக். 10, வெள்ளி

இன்னும் மோசம். கண்ணாடியிலும் ஏறிவிட்டது. அவரிடம் போனில் சொன்னேன்.

எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கேட்டார். பிறகு, "பேசாம குடுத்துரலாம் சுமதி. உனக்கெதுக்கு இந்தப் பாடு? கோயமுத்தூர் மீன் கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை வேன்ல வந்து எடுத்துக்குவாரு" என்றார்.

சரிங்க என்றேன். போனை வைத்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பெரியவள் கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தாள். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

அக். 11, சனி

போகிறதுதான் போகிறது, ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். தண்ணீர் மாற்ற மாற்றப் பாசி ஏன் கூடுகிறது? குறையத்தானே வேண்டும்?

அவருடைய சோதனைப் பெட்டியை எடுத்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர், இரண்டு மருந்து, நன்றாகக் குலுக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் நைட்ரேட் இல்லை. சிவக்கச் சிவக்க அதிகம். நைட்ரேட் பாசிக்குச் சாப்பாடு.

தொட்டித் தண்ணீர்: நல்ல சிவப்பு. எதிர்பார்த்ததுதான்.

இன்னும் தொட்டிக்குள் போகாத, உப்புக் கரைத்து வைத்த வாளித் தண்ணீர்: ஆரஞ்சு! ஒருவேளை உப்பில் கோளாறோ?

உப்பே போடாத ஊற்றுத் தண்ணீர்: அதே ஆரஞ்சு.

குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன். மாற்றமே இல்லை.

அக். 12, ஞாயிறு

விடாமல் மழை. பர்லியார் பக்கம் ரோட்டில் மண் சரிவாம். கடைக்காரர் கூப்பிட்டார், வேன் ஏறாது, ரோடு சரியானதும் வருகிறேன் என்றார். அவசரமில்லீங்க என்றேன். பொய் இல்லை.

பைத்தியம் பிடித்த மாதிரி கண்ணில் பட்ட தண்ணீரையெல்லாம் சோதித்தேன். அடியில் மிச்சமிருந்த கேன் தண்ணீர் மஞ்சள். நகராட்சிக் குழாய் லேசான ஆரஞ்சு. முற்றத்தில் வாளி வைத்துப் பிடித்த மழை, பளிச்சென்ற மஞ்சள். டீயைச் சோதிக்க முடியாது, அதுவே சிவப்பு.

வானத்திலிருந்து வருவது மஞ்சள். மண் வழியாக வருவது ஆரஞ்சு. நடுவில் என்ன இருக்கிறது?

அக். 13, திங்கள்

கொஞ்சம் வெயில். ஜன்னல் திறந்தேன். எதிர்ச் சரிவில் ஆட்கள் வரிசையாக நின்று, இடுப்பில் கூடை வைத்துத் தேயிலைக்கு உரம் வீசிக்கொண்டிருக்கிறார்கள். மழை பிடித்ததும் வருஷா வருஷம் நடப்பதுதான். எங்கள் ஃபேக்டரியின் எஸ்டேட். போன மாதம் உர மூட்டை வந்து இறங்கி, முதல் சுற்று வீசியதும் என் ஜன்னலுக்கு நேரேதான்.

சரிவுக்கு அடியில் ஊற்று! உரத்தின் நைட்ரேட் மழையில் கரைந்து இறங்குவது அங்கேதான்.

தேயிலைக்குப் போட்ட சோற்றை வாளி வாளியாகச் சுமந்துவந்து பாசிக்கு ஊட்டியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தோஷமும் வந்தது, கணக்கு நேரான மாதிரி.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் சொன்னேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம். ஊற்றுக்குழாயைப் பீலி என்பார். முகம் கடுத்துவிட்டது. "பீலித் தண்ணியக் குத்தஞ் சொல்லாதீங்க. எங்க புள்ளைங்க அதக் குடிச்சுத்தான் வளந்துச்சுங்க."

அதுவும் உறுத்தியது. ஒரு பாட்டில் பிடித்துச் சுகாதார நிலையத்தில் சோதிக்கக் கொடுத்தேன்.

அக். 16, வியாழன்

நல்ல மழை. முதல் மழையைக் கீழே விட்டுவிட்டு, பிறகு முற்றத்தில் பிளாஸ்டிக் டப்புகள் வைத்தேன். ஓட்டுத் தண்ணீர் சேராமல் நடு முற்றத்தில். மல்லிகா அக்கா தன் பெரிய டப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சோதித்து, உப்புக் கரைத்து, சூடேற்றி மாற்றினேன். பாசியைக் கையாலேயே பிடுங்கினேன். ஆமாம், கை உள்ளே! முழங்கை வரை. பெரியவள் விரலைக் கொத்தினாள்.

அக். 20, திங்கள்

தீபாவளி. அவருக்கு லீவு இல்லை. மகள் சுற்றுவழி பஸ்ஸில் வந்தாள். "ஊடெல்லாம் டப்பா வெச்சிருக்கியேம்மா" என்று சிரித்தாள். அதிரசம் சரியாக வரவில்லை.

தொட்டி: ஆரஞ்சு. சிவப்பு இல்லை, ஆரஞ்சு!

அக். 24, வெள்ளி

சுகாதார நிலையத்தில் கேட்டேன். மனிதர் குடிக்கலாம், பயமில்லை என்றார்கள். பவளத்துக்குத்தான் தாங்காது. மல்லிகா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நாந்தான் சொன்னேன்ல" என்று ஒரு குடம் தூக்கிக்கொண்டு போனார்.

அக். 29, புதன்

குளிர். கம்பளி நூல் இன்னும் வாங்கவில்லை.

கல்லில் வழுக்கை விழுகிற மாதிரி இடம் இடமாக வெளுப்பு. காலையில் விளக்குப் போட்டதும் பொத்தான் பவளத்தில் ஒன்று திறந்தது. நடுவில் பச்சை, சுற்றிலும் ஊதா. இந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை, அவர் இருந்தபோதும் இங்கேதான் இருந்திருக்கும். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆபீசுக்கு லேட்.

நவ. 2, ஞாயிறு

ரோடு திறந்துவிட்டது. மீன் கடைக்காரர் வேன், தெர்மோகோல் பெட்டி, ஹோஸ் எல்லாமாக வந்து நின்றார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது?"

நல்லாத்தான் இருக்கிறது, எடுக்க வேண்டாம், நைட்ரேட் மருந்து தீர்ந்துவிட்டது, அது இருந்தால் கொடுங்கள் என்றேன். வேனில் இருந்தது. டீ குடித்துவிட்டுக் காலிப் பெட்டியோடு இறங்கிப் போனார்.

மதியம் அவர் போன். எடுத்துக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டார். குரலில் ஒரு தயக்கம்.

"இல்லீங்க. இங்கதான் இருக்குது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வர்றப்பப் பாருங்க" என்றேன். "கைய மட்டும் உள்ள உட்றாதீங்க."