கிளினிக் கட்டப் போனவளுக்கு

பாலோ, ஜொகூர்
4 மே 2025

அன்புள்ள வாசுகிக்கு,

நானும் லோஷினியும் நலம். நீ நலமா என்று கேட்கவே எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபம் என்றே வைத்துக்கொள்.

தீமோரில் நீ இருக்கும் அந்த மலையில் போன் எடுக்காதாம். வாரம் ஒருமுறை சாமான் லாரி டிலி நகரத்துக்கு இறங்கும்போதுதான் கடிதம் போகும், வரும் என்று இங்குள்ள உங்கள் முகாம் அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது.

ராணுவத்தில் உன் பன்னிரண்டு வருட ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. மேற்கொண்டு நீட்டிக்கக் கையெழுத்துப் போடாதே என்று நீ கிளம்பிய அன்று கேட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு, "லாரி வந்துருச்சுங்க" என்றாய். அது ஒரு பதிலா, வாசுகி?

இங்கே என் கிளினிக்கில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். லோஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மா என்ன வேலை என்று டீச்சர் கேட்டாராம். "ஆர்மில செவரு கட்றாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

மதிவாணன்

---

கிழக்குத் தீமோர்
22 மே 2025

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லாரி டிரைவர் என் தலைக்கவசத்தில் போட்டுவிட்டுப் போனார். நான்கு தடவை படித்தேன். கோபக் கடிதம் என்றாலும் உங்கள் கையெழுத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

நான்கு நாட்டுப் பொறியியல் படைகள் சேர்ந்து இந்த ஊருக்குக் கிளினிக் கட்டுகிறோம். என் பிரிவுக்குச் சுவரும் கூரையும். பாலம் லாரியின் பாரம் தாங்காது என்பதால் சிமெண்டு மூட்டைகளை ஆற்றைத் தாண்டித் தோளில்தான் சுமக்கிறோம். இங்குள்ள வயதானவர்களுக்கு இந்தோனேசிய மொழி தெரியும். அதனால் என் மலாயில் பாதி புரிகிறது. மீதிக்குச் சிரித்துக்கொள்கிறோம்.

இந்த ஊரில் ஜசிந்தா என்று ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. தினமும் வந்து, முடிந்துவிட்டதா என்று கேட்பாள். அவளுடைய முதல் குழந்தை ஆற்றங்கரையிலேயே போய்விட்டதாம். அன்றைக்கு வெள்ளம், கடக்க முடியவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மதிய ஓய்வு எடுக்க மனம் வரவில்லை.

பிரசவ அறையின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே நின்று வேலை பார்ப்பவர் நீங்கள். எங்கே தப்பு என்று சொல்லுங்கள். கையெழுத்து விஷயத்தை மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

வாசுகி

---

பாலோ
10 ஜூன் 2025

அன்புள்ள வாசுகிக்கு,

முதலில் வரைபடம். கதவு போதாது. இந்த அகலத்தில் ஸ்ட்ரெச்சர் நேராகப் போகும், திரும்பாது. நடைபாதையோ குறுகல். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் திரும்புகிற அளவுக்கு வை. கை கழுவும் குழாய் மூலையில் வேண்டாம், கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அவசரத்தில் யாரும் மூலைவரை போகமாட்டார்கள்.

இரண்டாவது விஷயத்தை எழுதக் கை வரவில்லை. போன மாதம் லோஷினிக்கு டெங்கு. குளுவாங் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். மலர் அக்கா தங்காக்கிலிருந்து வந்து கூடவே இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறாள், மீ கோரெங் நூடுல்ஸ் கேட்டு அடம் பிடிக்கிறாள்.

முகாம் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் உன்னை அனுப்பியிருப்பார்கள். நான் போடவில்லை. உன் வேலை கெடக்கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. பதில் சொல்லாமல் போனவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. மூன்றாம் நாள் பிளேட்லெட் இறங்கியபோது அந்த வீம்பெல்லாம் போய், வெறும் பயம்தான் இருந்தது. அப்போதும் போன் போடவில்லை. இனி எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மதி

---

கிழக்குத் தீமோர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதிக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். டிலிக்குப் போன சார்ஜன்டிடம் சொல்லி, மலர் அண்ணிக்குப் போன் போட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்துக்கொண்டேன். அவள் ஊசிக்கு அழும்போது பிடித்துக்கொள்ள நான் இல்லை. அந்த ஐந்து நாளை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

ஆனால் கதவை மாற்றினேன். எழுப்பிய சுவரில் பாதியை உடைக்க வேண்டியிருந்தது. கேப்டன் வந்து ஏன் என்று கேட்டார். "வீட்டுக்காரர் சொன்னார், சார்" என்றேன். அவர் அளந்து பார்த்துவிட்டு, "சரிதான், உடை லா" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஜசிந்தாவுக்கு வலி எடுத்தது. கிளினிக் இன்னும் திறக்கவில்லை, பெயிண்ட் ஈரம் காயவில்லை. பெஞ்சுப் பலகையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கதவில் எங்கும் இடிக்காமல் ஒரே திருப்பில் உள்ளே போனார்கள். எங்கள் ராணுவ டாக்டரம்மா குழாயைத் திறந்து கை கழுவினார். ஜசிந்தா என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் நகத் தடம் இருக்கிறது. பெண் குழந்தை. அழுகிற சத்தம் கேட்டதும், வெளியே கல் சுமந்த ஆம்பளைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். கையெழுத்துப் போடாதே என்று நீங்கள் கேட்டதற்கு முந்தின வாரமே போட்டுவிட்டேன். லாரி வந்துவிட்டது என்று தப்பித்ததற்குக் காரணம் அதுதான். ஜனவரியில் நம் சபா மாநிலத்தில் மலைக்குள்ளே அடுத்த கிளினிக். வேலை முடிய இரண்டு வருடம் ஆகும். செப்டம்பர் கடைசிவரை கையெழுத்தைத் திரும்ப வாங்கலாம். நீங்கள் வேண்டாம் என்றால் வாங்குகிறேன். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும், மதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாசுகி

---

பாலோ
2 செப்டம்பர் 2025

என் வாசுகிக்கு,

நீ முன்னாலேயே கையெழுத்துப் போட்டதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சும்மா குளுவாங் வரை போய் வந்தேன். திரும்பி வந்து குழந்தை பிறந்த இடத்தை மறுபடி படித்தேன். லோஷினிக்கும் வாசித்துக் காட்டினேன். "அந்தக் கதவு அப்பா சொன்னதா, அம்மா கட்டுனதா?" என்று கேட்டாள். ரெண்டு பேரும்தான் என்றேன். "அப்ப ஏன் ரெண்டு பேரும் வேற வேற எடத்துல இருக்கீங்க?" என்றாள். மறுநாளே சபாவைப் பற்றி விசாரித்தேன்.

கையெழுத்தைத் திரும்ப வாங்காதே.

சபாவில் நீ கட்டப்போகும் இடத்துக்குக் கீழே ஒரு சிறு ஊர் இருக்கிறது. அங்குள்ள கிளினிக்கில் நான் இங்கே பார்க்கிற அதே மருத்துவ உதவியாளர் இடம் காலியாம். யாரும் கேட்டுப் போவதில்லை என்கிறார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, தமிழ்ப் பள்ளி இல்லை. தமிழை நாம் வீட்டில் சொல்லித் தரலாம். மலர் அக்கா இதைக் கேட்டு, "பைத்தியமாடா உனக்கு" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து, மலைக் குளிருக்கென்று லோஷினியின் கம்பளிச் சட்டைகளை எடுத்து அளவு பார்க்கிறார்.

மாற்றல் மனுவை எழுதி முடித்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. உன்னிடம் கேட்காமல் இனி எதுவும் செய்வதாக இல்லை.

நானும் பிள்ளையும் வரட்டுமா?

உன் மதி