தோணியில் எனக்கு ஓர் இடம்

ஆகஸ்ட் 16, சனி

பள்ளி விடுமுறைக்காக, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் நூதனசாலையில் குடும்பமாகச் சித்திரம் கீறும் நாள் வைத்திருந்தார்கள். கட்டாரிலிருந்து லீவில் வந்தபின் மகளோடு நான் போன முதல் இடம் அது. ஆனால் அவள் என் மனைவியின் தம்பியுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். வாவியில் ஒரு தோணி கீறினாள். அதில் அவள், உம்மா, மாமா.

"வாப்பா எங்க மகள்?" என்று கேட்டேன்.

"நீங்க கட்டாரிலதானே," என்றாள் நிமிராமலே. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மச்சான் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. பென்சிலை வாங்கி என்னை நானே தோணிக்குள் கீறினேன்.

"இது வாப்பா மாதிரி இல்ல," என்று அதை அழித்துவிட்டு, தாடி வைத்து அவளே என்னைக் கீறினாள். மச்சானுக்குப் பின்னால், அவனைவிடச் சின்னதாக.

லீவு முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.