பெரிய வெள்ளியன்று நீங்கள் சாப்பிட்ட பிரியாணி

மச்சாள்,

இன்று தவக்கால வெள்ளி. சிலுவைப் பாதைக்காகக் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்க் கடையில் அப்போதுதான் பிரியாணிச் சட்டியைத் திறந்திருக்கிறார்கள். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணியோடு இருக்கிறவளுக்கு அந்த வாசனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாயில் எச்சில் ஊறியது, கண்ணும் கலங்கியது. ரோட்டில் நின்று அழுதால் பைத்தியம் என்பார்கள் என்று விறுவிறுவென்று கோவிலுக்குள் போய்விட்டேன்.

உங்களைச் சுரூபமாக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை. உங்களுக்குப் பொல்லாத வாய். துறைமுகப் பக்கத்துக் கந்தோரில் கிளாக்காக இருந்து, கூட வேலை செய்த ஆம்பிளைகளையெல்லாம் அடக்கி வைத்திருந்தவர். ஆனால் ஒறுத்தலில் உங்களை மிஞ்ச எங்கள் கோவில் பங்கில் ஆளில்லை. நாற்பது வருடம் ஒரு வெள்ளிக்கிழமைகூட இறைச்சி தொட்டதில்லை. உங்கள் தம்பியைக் கட்டி வந்த நாளிலிருந்து எனக்கு அதில் உங்களோடு போட்டிதான்.

அதனால்தான் என் மகள் ரொஷானி கோவிலில் கலியாணம் செய்யாமல் ரெஜிஸ்டர் மட்டும் எழுதிக்கொண்டு போனபோது, நீங்கள் என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்பினேன். மாப்பிள்ளை கணேஷ் ஹட்டன் பக்கத்து இந்துப் பிள்ளை, கொழும்பில் த்ரீவீல் ஓட்டுகிறவர். உங்கள் தம்பி கண்ணை மூடிய பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அப்படியிருந்தும் இரண்டு வருடம் அவளை வீட்டுப் பக்கம் வரவிடவில்லை. நீங்களோ ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய என்னை நச்சரித்தீர்கள். "பெரிய வெள்ளிக்காவது பிள்ளையை வரச் சொல்லும். இவ்வளவு வீம்பு கூடாது." உங்கள் கரைச்சல் தாங்காமல் கடைசியில் தலையாட்டினேன்.

அன்று பின்னேர வழிபாடு முடிந்து வந்து நாம் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தோம். ஏழு மாத வயிற்றோடு ரொஷானி வந்து வாசலில் நின்றாள். அவளை இறக்கிவிட்டு எங்கேயோ போன கணேஷ் சற்றுப் பிந்தி வந்தார். மாமியார் வீட்டுக்கு முதன்முதலாக வெறுங்கையோடு வரக்கூடாது என்று நாலு பார்சல் பிரியாணி வாங்கி வந்திருந்தார். ஆட்டிறைச்சிப் பிரியாணி, அதுவும் பெரிய வெள்ளியன்று! பையைக் கண்டதும் ரொஷானியின் முகம் செத்துப்போனது.

"இந்தப் பையோட என்ர வீட்டுக்குள்ள கால் வைக்க வேண்டாம்" என்றேன்.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ரொஷானி காதோடு சொன்னதும், "எனக்குத் தெரியாதுங்கம்மா, மன்னிச்சிருங்க" என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வாங்க, போவம்" என்று அவள் திரும்பினாள். அன்றைக்கு அவள் படியிறங்கியிருந்தால் பிறகு வந்திருக்கவே மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

நீங்கள்தான் எழும்பி வந்து அவர் கையிலிருந்து பையை வாங்கினீர்கள். "வாங்கோ மகன், ஆறப்போகுது." மேசையில் பார்சலை விரித்து, சிலுவை அடையாளம் போட்டு, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தீர்கள். விழுங்குமுன் சுவரிலிருந்த சிலுவையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"என்ன மச்சாள் செய்யிறீங்கள்?" என்று கத்தினேன்.

"சட்டப்படி பார்த்தா, ஆண்டவர் உம்மையும் என்னையும் எப்பவோ வெளியில நிப்பாட்டியிருப்பார். வந்து இரும்."

நான் கஞ்சிதான் குடித்தேன். ஆனால் அதே மேசையில் இருந்து குடித்தேன். ரொஷானி என் கோப்பையை எடுத்து இரண்டு வாய் குடித்தாள்.

பிறகும் உங்களை விட்டேனா? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா என்று கிழமைக்கணக்காக அரித்தேன். "ஓம், சொன்னனான்." "ஃபாதர் என்ன சொன்னவர்?" "எந்தக் கடைப் பிரியாணி எண்டு கேட்டவர்." அடுத்த வெள்ளி வழக்கம் போல இறைச்சியை ஒதுக்கிவிட்டீர்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு மெல்ல விளங்கியது. ஆண்டவர் உங்களை நேசிக்க வேண்டும் என்று நீங்கள் ஒறுத்தல் இருக்கவில்லை. அவர் ஏற்கெனவே நேசிக்கிறார் என்ற நன்றியில் இருந்தீர்கள். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கணேஷும் ஒருவர். அடக்கத்தன்று பேசிய எல்லோரும் உங்கள் நாற்பது வருட ஒறுத்தலைத்தான் சொன்னார்கள். என் முறை வந்தபோது, அதை நீங்கள் முறித்த நாளைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்! இப்படி ஒரு மனுஷி எங்கள் வீட்டில் இருந்தவ என்று சொல்ல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை இன்னும் முறைக்கிறேன். ஆனால் போன மாதம் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு, புருஷனைப் பிரிந்து இன்னொருவரோடு வாழ்கிற ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். எல்லோரும் ஆளையாள் பார்த்தார்கள். நான் எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். பங்கு முழுவதும் என்ன கதைக்கும் என்று பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா, மச்சாள், அன்றைக்கு அந்த முதல் கவளத்தை வாயில் வைத்தீர்கள்?